பன்றிக்கம்பி

நாய் மரச்சீனிக்கிழங்குச் செடிகளின் மூடுகளுக்கு நடுவே ஒருக்களித்துக் கிடந்தது. தூங்குகிறது என்றுதான் ரத்னாபாய் முதலில் நினைத்தாள். வாயோரம் கட்டெறும்பு ஏறி இறங்குவதைக் கண்ட பிறகுதான் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தாள். பக்கத்து வீட்டு சஜினின் பிங்கி. மழையில் நனைந்த உடம்பில், கம்பி பட்ட மார்பில் மட்டும் ரோமம் கருகி ஒரு கோடு விழுந்திருந்தது.

மேட்டிலிருக்கும் கரண்டு கம்பத்திலிருந்து வேலிக்கம்பியின் கொக்கியைக் கழற்றிவிட்டு, மூங்கில் கழியோடு அவள் கணவர் அருமைநாயகம் இறங்கி வந்தார். நாயைப் பார்த்தார். மண்வெட்டியை எடுக்கத் திரும்பினார்.

"சஜின்ட்ட சொல்லணும்," என்றாள்.

"சொன்னா? போலீசு வரும், கரண்டு ஆபீசுக்காரன் வருவான். ஜாமீன் கிட்டாது, அறியுமா உனக்கு?" குழி வெட்டிக்கொண்டே, முகம் பார்க்காமல் சொன்னார்: "உனக்கு வேண்டித்தானேட்டி இதெல்லாம்."



கிழங்கு காணாமல் போகத் தொடங்கியபோது முள்ளம்பன்றி என்றுதான் இருவரும் நினைத்தார்கள். ஆனால் முள் எதுவும் உதிர்ந்து கிடக்கவில்லை. தோட்டம் உழுது போட்டதுபோலப் புரண்டு கிடந்தது. ஈரத்தில் பிளந்த குளம்பு பதிந்திருந்தது. காட்டுப்பன்றி. பழைய சேலைகளைச் சுற்றிக் கட்டிப் பார்த்தார்கள். முடிவெட்டும் கடையிலிருந்து மயிரை அள்ளி வந்து தூவினார்கள். ரேடியோவை விடிய விடியப் பாடவிட்டார்கள். பன்றிகள் கொஞ்ச நாள் தயங்கின, பிறகு பாட்டைக் கேட்டுக்கொண்டே கிழங்கு தின்றன. பஞ்சாயத்தில் எழுதிக் கொடுத்ததற்கு, துப்பாக்கி லைசென்ஸ் உள்ள ஒருவர் வித்துராவிலிருந்து பட்டப்பகலில் வந்து, தடத்தைப் பார்த்து, சாயா குடித்துவிட்டுப் போனார். அந்த வாரம்தான் ஒரு சாயங்காலம், பலாச் சக்கைத்தொலியைக் கொட்ட அடுக்களைக்குப் பின்னால் போனவளை நோக்கி, குப்பைக்குழிக்குள் நின்ற ஒன்று தலையைத் தாழ்த்திக்கொண்டு ஓடிவந்தது.

தொடை கிழிந்தது. அருமைநாயகம் அவளைத் தூக்கிக்கொண்டு ரோடு வரை ஓடி, வந்த ஜீப் ஒன்றை நிறுத்தினார். அவர் அழுது அவள் பார்த்தது அந்த ஜீப்பில்தான். மெடிக்கல் காலேஜில் கிடந்து, மடங்காத காலோடு அவள் திரும்பி வந்தபோது தோட்டத்தைச் சுற்றிக் கரண்டுக் கம்பி ஓடியிருந்தது. கீழ்ப்பக்கம் மட்டும் திறந்து கிடந்தது. பன்றி அந்த வழியாக வரவே, நாய் சாவதற்கு முந்தின நாள் அங்கேயும் இழுத்துக் கட்டியிருந்தார்.

மழை சற்று விட்டதும் சஜின் வந்தான். குடையை மடக்காமலே முற்றத்தில் நின்றான்.

"சேச்சீ, நம்ம பிங்கிய கண்டீங்களா? விளிச்சு விளிச்சுத் தொண்ட போச்சு."

"இல்லியே மக்கா," என்றாள். சொன்ன வேகம் அவளையே திடுக்கிட வைத்தது. உள்ளேயிருந்து அருமைநாயகம் வந்து, புலி இறங்கியிருக்கலாம் என்றார். சஜின் தலையாட்டினான். அவனோடு சேர்ந்து தேடவும் போனார்.

மறுநாள் சஜினின் மனைவி ஷெமி பாத்திரத்தில் மீன்குழம்போடு வந்தாள். ரத்னாபாய் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து அவள் இப்படித்தான், வாரத்தில் ஒருநாள் எதையாவது கொண்டுவந்து விடுவாள். படியில் உட்கார்ந்து நாயைப் பற்றிப் பேசியவள் சட்டென்று மூக்கைச் சிந்தினாள்.

"மேல்வழி மண்ணிடிஞ்சு போச்சில்லா சேச்சி, அதுக்கு அப்புறம் இவரு ரப்பர் வெட்டப் போறது உங்க கீழ்ப்பக்கம் வழியாத்தான். இருட்டோட போணும். பிங்கி முன்னால ஓடும், அந்தத் தைரியத்துல நான் கெடந்து உறங்குவேன். நேத்து மழையானதால இவரு போகல்ல. அது மட்டும் பழக்கத்துல எறங்கிப் போயிருக்கு பாத்துக்கிடுங்க."

ரத்னாபாய் குழம்புப் பாத்திரத்தைக் கீழே வைக்க இடம் தேடினாள். படிக்கட்டு முழுக்க இடம் கிடந்தது.

அன்று அருமைநாயகத்திடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"பன்னி நிக்குது, அந்த வழி வராதேன்னு அவன்ட்ட சொல்லுதேன்."

"கம்பி கெடக்குன்னு சொல்லுங்க."

"அது மட்டும் என்னால ஏலாது."

"அப்ப வெளுக்கதுக்கு முன்னால கொக்கிய எடுத்துருங்க."

"அந்நேரந்தானேட்டி பன்னி வரும்." அவர் கை அவளுடைய தொடைக்கு மேலே, தொடாமல், நின்றது. "இன்னொருக்க உன்னத் தூக்கிட்டு ஓட எனக்குத் தெம்பு கெடையாது."

மழை விடாமல் பெய்தது. மழையில் ரப்பர்ப்பால் வெட்ட மாட்டார்கள். அவளுக்கு ஓட்டுமேல் விழும் சத்தம் போதுமாயிருந்தது. சத்தம் குறையும்போதெல்லாம் எழுந்து ஜன்னலைப் பார்த்தாள். ஒரு மாலை மேகம் விலகி, பொன்முடிப் பக்கம் மலை முழுசாகத் தெரிந்தது. சஜினிடம் சொல்லியாகிவிட்டது என்றார் அருமைநாயகம். அவன் என்ன சொன்னான் என்று கேட்டாள்.

"சிரிச்சான். பன்னி என்னைக் கண்டு பயப்படட்டும்ங்கான்."

கோழி கூவும் முன்பே அவள் எழுந்தாள். மேட்டில் ஏறிக் கொக்கியைத் தட்டிவிட இந்தக் காலால் முடியாது. டார்ச்சையும் ஊன்றுகோலையும் எடுத்துக்கொண்டு, தோட்டத்தைச் சுற்றிக் கீழ்ப்பக்க ஒற்றையடிப் பாதைக்கு வந்து, கம்பி குறுக்கே போகும் இடத்துக்கு முன்னால், அதற்கு முதுகைக் காட்டி நின்றாள். மரச்சீனிக்குள் எங்கோ மண் புரளும் சத்தம் கேட்டது. சேற்று நாற்றம் வந்தது. ஊன்றுகோலை அழுத்தி ஊன்றினாள். நகரவில்லை.

மேலேயிருந்து தலைவிளக்கு ஒன்று ஆடி ஆடி இறங்கி வந்தது.

"ஆரு, சேச்சியா? இந்நேரம் இங்க எதுக்கு?"

"நில்லு மக்கா. அணலிப் பாம்பு கெடக்கு. நீ ரோடு வழி சுத்திப் போ."

"எங்க கெடக்கு?"

அவள் விரல் நீட்டவில்லை. சஜின் குனிந்தான். வெளிச்சம் அவள் காலடியில் தேடியது, சேலைக்கரையைத் தாண்டிப் பின்னால் போனது. மழைத்துளி கோத்த கம்பி மேல் நின்றது. பிறகு கம்பி வழியாகவே மெதுவாக நகர்ந்து, மரச்சீனி இலைகளுக்கு ஊடே மேட்டுக்கு ஏறி, கம்பம் வரை போய், அப்படியே திரும்பி வந்தது.

விளக்கு அவள் முகத்துக்கு உயர்ந்தது. கண் கூசியது. ரத்னாபாய் முகத்தைத் திருப்பாமல், அந்த வெளிச்சத்தைப் பார்த்தபடியே நின்றாள்.