இந்த மாசமும் நகரல

1.

இந்தக் கதை என் மூக்குக்கண்ணாடி உடைந்ததால் பிறந்தது. இதைவிடப் பெரிய காரணம் சொன்னால் மதிப்பாக இருக்கும். ஆனால் நடந்தது அதுதான். கண்ணாடிமேல் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்தது நானே என்பதால் திட்டவும் ஆளில்லை. கடைக்குக் கொண்டுபோனேன். அங்கே கண் பரிசோதிக்கும் பெண் கையில் சின்னத் திருப்புளியோடு போனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

முதல் வரியை இப்படி எழுதினேன்: ‘அவள் ஒரு தேதிக்காகக் காத்திருந்தாள்.’ பஸ்ஸுக்குக் காத்திருக்கிற மாதிரி இருந்தது, அடித்துவிட்டேன். அடுத்து: ‘வெளிநாட்டில் வசிக்கும் தந்தை தன் மணமாகாத மகளின் பொருட்டுச் சமர்ப்பித்த…’ இது கதையா, மனுவா? போகட்டும். பேச்சுவாக்கிலேயே சொல்லிவிடுகிறேன்.

2.

அவளுடைய அப்பா, போன வெளிநாட்டிலேயே தங்கிவிட்டவர். மகளைக் கூப்பிட்டுக்கொள்ள மனு போட்டிருக்கிறார். ஆனால் வருஷத்துக்கு இத்தனை விசாதான் என்று அளவு உண்டு. வரிசையோ அனுமார் வால். அதனால் மாதாமாதம் ஓர் அட்டவணை வெளியிடுகிறார்கள். குடும்பத்தோடு சேரப் போகிறவர்களுக்கு ஒரு பகுதி, வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு பகுதி. ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு தேதி. உங்கள் மனு அந்தத் தேதிக்கு முந்தியதென்றால் உங்கள் முறை வந்துவிட்டது. பிந்தியதென்றால் அடுத்த மாதம் பார்க்கலாம். தேதி முன்னால் போகும், நிற்கும், சில மாதம் வெட்கமில்லாமல் பின்னாலும் போகும்.

இவள் நிற்பது ‘கல்யாணமாகாத மகள்’ வரிசை. கல்யாணம் செய்துகொண்டால் இடம் போச்சு. அங்கே போய்ச் சேர்ந்த பிறகு கட்டிக்கொண்டு, புருஷனுக்கு மனு போடலாம். அது வேறு வரிசை, அதற்கும் ஒரு வால்.

கட்டிக்கொள்ள ஆள் இருக்கிறான். லிஃப்ட் மெக்கானிக். (கதைக்குக் காதல் வேண்டுமே என்று நான் நுழைத்தவனில்லை. நான் போனபோதே கடை வாசலில் கிரீஸ் கையோடு நின்றிருந்தான்.)

3.

“நான் பாத்தா நகராதுக்கா,” என்றாள் அவள். “அவர் பாத்துச் சொல்லுவார்.”

அட்டவணை வரும் நாளில் அவன் கூப்பிடுவான். ‘நகரல’ என்பான். அவள் போனை வெள்ளைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு, நாற்காலியில் இருப்பவரிடம், “தாடையை இதுமேல வைங்க,” என்பாள்.

“ஏன், அப்பா பாக்க மாட்டாரா?” என்று கேட்டேன்.

“பாக்காம? அவருக்கு ஆசை அதிகம், கண்ணு கம்மி. மாசாமாசம் வேலைக்குப் போறவங்க பகுதியைப் பாத்துட்டு, ‘வந்துடுச்சும்மா, கிளம்பு’ன்னு போன் பண்ணுவார். முதல் தடவை நம்பிப் பெட்டியே வாங்கிட்டேன்.”

அந்தப் பெட்டி கடையின் பின்னறையில் இருக்கிறது. அதற்குள் பழைய ஃப்ரேம்கள்.

“ஊருக்கெல்லாம் கண்ணு பாக்கறேன்,” என்றாள். “எங்கப்பாவை மட்டும் இந்த நாற்காலில…” அங்கேயே நிறுத்திவிட்டாள். நானும் அதை முடிக்கப் போவதில்லை.*

* புலி வருது, புலி வருது என்று கத்தியவன் கதை உங்களுக்குத் தெரியும். அது பின்னால் தேவைப்படும்.

4.

மெக்கானிக்கை நல்லவனாக எழுதியிருந்தேன். பொறுமைசாலி, சிரித்த முகம், இத்யாதி. இப்படி ஒரு மனுஷன் இருப்பானா என்று எனக்கே சந்தேகம். அந்த நேரம் பார்த்து எங்கள் குடியிருப்பில் லிஃப்ட் நின்றுபோனது.

காய்கறிப் பையோடு படியேறிக்கொண்டிருந்தேன். மூன்றாம் மாடியில் லிஃப்ட் கதவு திறந்து கிடந்தது. உள்ளே அவன், முதுகைக் காட்டிக்கொண்டு, போனில்: “இந்த மாசமும் நகரல. விடு, சாப்டியா?”

திரும்பினான். என்னைப் பார்த்ததும் முகம் செத்துப்போயிற்று. அவனாகவே போனில் அட்டவணையைத் திறந்து நீட்டினான். கண்ணை இடுக்கிக்கொண்டு படித்தேன். அவள் வரிசையில் தேதி, அவள் என்னிடம் சொல்லியிருந்த மனுத் தேதியைத் தாண்டியிருந்தது.

“ஒரே ஒரு மாசம் மேடம். அடுத்த மாசம் சொல்லிடறேன்.”

“அடுத்த மாசம் பின்னால போயிட்டா?”

“அது தெரியாமலா மேடம்?” கையைத் துடைத்தான். துடைத்த கையையே மறுபடி துடைத்தான். “போனா அவளுக்கு அப்பா கிடைப்பார். எனக்கு இன்னொரு வரிசைதானே? விசா ஆபீஸ்லேர்ந்து எப்படியும் அவளுக்கு மெயில் வரும், மறைக்க முடியாது. அதுவரைக்கும் அவ என் பக்கத்துல இருக்கட்டும்னு…”

எனக்குக் கோபம் வந்தது. அவனைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. இரண்டும் சேர்ந்து வந்தால் என்ன செய்வதென்று தெரியாமல் மிச்ச மாடிகளை ஏறினேன்.

5.

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

அ) அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. “நீ கேட்டிருந்தா நானே ஒரு மாசம் தள்ளிப் போட்டிருப்பேனே,” என்கிறாள். (அழகாக இருக்கிறது. அதனாலேயே நம்பிக்கையில்லை.)

ஆ) தேதி பின்னால் போகிறது. இருவரும் இங்கேயே கல்யாணம் செய்துகொள்கிறார்கள். அங்கே அப்பா, மகளுக்கென்று ஒதுக்கிய அறையின் கதவை… (வேண்டாம். எழுத மனசு வரவில்லை.)

இ) அவள் கிளம்புகிறாள். விமான நிலையத்தில் அவன்… (விமான நிலையத்தில் அழாத கதை உண்டா?)

6.

கண்ணாடி தயார் என்று அவள் கூப்பிட்டிருந்தாள். போனேன். நாற்காலியில் உட்கார்த்தினாள். அப்போது அப்பாவின் போன் வந்தது. கை ஒழியாததால் ஸ்பீக்கரில் போட்டாள்.

“வந்துடுச்சும்மா. இந்தத் தடவை நல்லாப் பாத்தேன். ரெண்டு தடவை பாத்தேன்.”

“அப்பா, அது வேலைக்குப் போறவங்க பகுதிப்பா,” என்று சிரித்தாள். “அவர் பாத்துட்டார். நகரலையாம்.”

“அப்படியா? அப்ப நான்தான் தப்பாப் பாத்திருப்பேன்,” என்றார் அவர். “உன் ரூம் ஜன்னலுக்கு நீலத் துணியே போட்டுடட்டுமா?”

“போடுங்கப்பா.”

போனை வைத்தாள். திருப்புளியை எடுத்தாள், வைத்தாள்.

“அக்கா, மனசு கேக்கல. சும்மா ஒரு தடவை நீங்க பாத்துச் சொல்லுங்களேன்.” அட்டவணையைத் திறந்து என்னிடம் நீட்டிவிட்டு, தான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“கண்ணாடி இல்லையேம்மா,” என்றேன். தப்பிக்கத்தான்.

திரும்பி வந்து, புதுக் கண்ணாடியைத் தானே என் மூக்கில் வைத்தாள். காதுகளின் பின்னால் சரிசெய்தாள். “இப்பத் தெரியுதா?”

தெரிந்தது. ஒவ்வோர் எழுத்தும் தெரிந்தது. லிஃப்டுக்குள் துடைத்துத் துடைத்துச் சிவந்த அந்தக் கையும் தெரிந்தது, நீலத் துணியும் தெரிந்தது.

மன்னியுங்கள், இதற்குமேல் என்னால் ஆகாது. கண்ணாடியைக் கழற்றி உங்கள் மூக்கில் வைக்கிறேன். என்ன எழுதியிருக்கிறது என்பது உங்களுக்கும் தெரியும். அவள் சுவரைப் பார்த்தபடி நிற்கிறாள்.

“சொல்லுங்க,” என்கிறாள்.

உங்களைத்தான் கேட்கிறாள்.