இடது கை, புஜம்

வெஸ்லி பாய்ஸ் கொடுத்தனுப்பிய படிவத்தில் முப்பத்தொரு கட்டங்கள் இருந்தன. கழுத்துச் சுற்று, நெஞ்சு, பின்கழுத்து எலும்பிலிருந்து இடுப்புப் பட்டை வரை, புஜம், முன்கை, மணிக்கட்டு. கைகளுக்கு மட்டும் இரண்டு வரிசைகள், வலதுக்கு ஒன்று, இடதுக்கு ஒன்று. வெள்ளிக்கிழமைக்குள் நிரப்பி வெஸ்லியிடம் கொடுக்க வேண்டும். அவர் பார்த்துவிட்டுத் தோல் ஜாக்கெட் தைக்கும் நார்மாவுக்கு அனுப்புவார். திங்களன்று தோலை வெட்டுவார்கள். மே மாத பைக் பந்தயத்தில் என் அண்ணன் ஆலிஸ்டர் அந்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வெஸ்லிக்காக ஓட்டுவான்.

ஆறு வருடங்களாக யாரோ கழற்றிப் போட்ட ஜாக்கெட்டில் ஓட்டியவன் அவன். எங்கள் ஆன்ட்ரிம் மாவட்டச் சாலைப் பந்தயங்களில் அந்தப் பழைய ஜாக்கெட்டின் தேய்ந்த முதுகை வைத்தே அவனை அடையாளம் சொல்வார்கள். வெஸ்லிக்குக் கல் குவாரி இருக்கிறது. அறுபதுகளில் செய்த பந்தய பைக்குகள் இரண்டு இருக்கின்றன. அதில் ஒன்று மார்ச்சிலிருந்து எங்கள் கொட்டகையில் தாங்கி மேல் நின்றது. அம்மா பால் கறக்கப் போகும்போதெல்லாம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போவாள்.

அளவெடுக்கிற வேலையை ஆலிஸ்டர் எனக்குக் கொடுத்தான். நான் பள்ளியை விட்டு இரண்டு வருடமாகிறது. ஆசிரியர் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலே எனக்குப் பேச்சு வராது. வீட்டில் பேசத் தேவையில்லாத வேலைகளாகப் பார்த்து எனக்குத் தருவான் அவன்.

"நின்னுக்கிட்டா, பைக்ல உக்காந்தா?" என்று கேட்டேன்.

"பைக்லதான். கண்ணாடி முன்னாடி நின்னு அளவு குடுத்தவன் ஜாக்கெட் சர்ச்சுக்குப் போகத்தான் ஆகும், ஐரிஸ். குனிஞ்சா கழுத்த நெரிக்கும், முதுகு மேல ஏறிடும். என்கூட ஓட்டற பில்லி அப்படித்தான் தச்சுக்கிட்டான். பந்தயம் முழுக்க வாத்து மாதிரி கழுத்த நீட்டிக்கிட்டே போனான்."

சிரித்துக்கொண்டே ஸ்வெட்டரைக் கழற்றினான். உள்ளே மெல்லிய பனியன். பைக்கில் ஏறி, டேங்க் மேல் கவிழ்ந்து, முழங்கைகளை உள்ளே ஒடுக்கிக்கொண்டான். நெஞ்சையும் முதுகையும் எடுத்து எழுதிவிட்டு வலது கைக்கு வந்தேன். புஜம் முப்பத்தாறு சென்டிமீட்டர். முன்கை இருபத்தொன்பது. பிறகு சுற்றிக்கொண்டு இடது பக்கம் போனேன்.

முப்பது.

டேப் முறுக்கியிருக்கும் என்று எடுத்துவிட்டு மறுபடி சுற்றினேன். முப்பதுதான். முன்கை இருபத்தைந்து. அப்போதுதான் அந்தக் கையைச் சரியாகப் பார்த்தேன். தோளுக்குக் கீழே சதை உட்கார்ந்து, எலும்பின் மேல் தோல் தளர்ந்திருந்தது. செப்டம்பரில் ஒரு வேலியில் மோதி விழுந்ததில் அவன் இடது காறை எலும்பு உடைந்தது. சேர்ந்துவிட்டது என்று எல்லாரிடமும் சொல்லியிருந்தான். அதற்குப் பிறகு ஸ்வெட்டர் இல்லாமல் யாரும் அவனைப் பார்க்கவில்லை. குளிர்காலம் என்று நானும் நினைத்திருந்தேன்.

"எவ்ளோ?" என்றான் தலையைத் தூக்காமல்.

"முப்பது."

"முப்பத்தாறுன்னு போடு."

"ஜாக்கெட் கை தொளதொளன்னு கிடக்குமே."

"உள்ள எதையாவது சுத்திக்கறேன். முப்பத்தாறு போடு."

"ஆலி, கைக்கு என்ன ஆச்சு?"

"தூங்குது. எழுந்துக்கும். விழுந்தப்ப அடிபட்ட நரம்பு மெதுவாத்தான் வளருமாம், நாளுக்கு ஒரு மில்லிமீட்டர். எல்லா டாக்டரும் அதத்தான் சொல்றாங்க." எழுந்து உட்கார்ந்தான். வலது கையால் இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான், வேறு யாருடைய கையையோ எடுத்து வைப்பதுபோல. "அந்தத் தாளு முதல்ல வெஸ்லி கண்ணுல படும். இந்த நம்பரப் பாத்தா நாளைக்கே பைக்க ஏத்திக்கிட்டுப் போயிடுவாரு. எனக்கு இருபத்தாறு வயசு. இன்னொருத்தன் வந்து பைக் குடுப்பான்னு நெனக்கிறியா?"

நான் அந்தக் கட்டத்தை நிரப்பாமல் படிவத்தை மடித்து வைத்துக்கொண்டேன்.

படிவத்தின் பின்பக்கத்தை அன்று எத்தனை முறை படித்தேனோ. தளர்ந்த ஜாக்கெட் கை, தார்ச்சாலையில் இழுபடும்போது திரும்பிக்கொள்ளும். முழங்கைக் கவசம் முழங்கையில் இருக்காது. ஆகவே கூட்டியோ குறைத்தோ எழுதாதீர்கள் என்று அதில் இருந்தது. எங்கள் பக்கத்துப் பந்தயச் சாலைகளில் ஓரமாகப் புல்வெளி கிடையாது. கற்சுவர், தபால்பெட்டி, மின்கம்பம். முப்பத்தாறு என்று எழுதினால் அவன் அந்தச் சுவர்களுக்கு நடுவே தொளதொளத்த கையோடு போவான். முப்பது என்று எழுதினால் போகவே மாட்டான். எனக்கு இரண்டுமே வேண்டாம். நான் மூன்றாவது ஒன்றைத் தேடினேன்.

படிவத்தின் அடியில் நார்மாவின் எண் இருந்தது. சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதி, சமையலறையில் நின்று நான்கு முறை வாய்விட்டுப் படித்தேன். ஐந்தாவது முறை எண்ணை அழுத்தினேன்.

"சொல்லு கண்ணு," என்றாள் நார்மா. பின்னால் தையல் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

"வெஸ்லி பாய்ஸ் ஆர்டர். ஒரு ஜாக்கெட். இடது புஜம்... தாள்ல முப்பத்தாறுன்னு வரும். நீங்க முப்பதுக்கு வெட்டுங்க. அவர்கிட்ட சொல்லாதீங்க."

இயந்திரம் நின்றது.

"டேப் முறுக்கியிருக்கும். மறுபடி எடு."

"முறுக்கல. ரெண்டு தடவ எடுத்தேன்."

"வலது?"

"முப்பத்தாறு."

"கண்ணு, எல்லார் உடம்புலயும் ஒரு சென்டிமீட்டர், ஒன்றரை வித்தியாசம் இருக்கும். ஆறு இருக்காது. கிளட்ச் பிடிக்கிற கையில்லையா அது?"

"நல்லா தைச்சுக் குடுத்தா போதும். கவசம் நகராம இருந்தா போதும்," என்றேன். தாளில் எழுதாதது அது. "ப்ளீஸ்."

"நான் தைக்கிறது தோலுதான். உள்ள கை இல்லன்னா நான் என்ன பண்ணுவேன்? முப்பதுக்கும் வெட்டமாட்டேன், முப்பத்தாறுக்கும் வெட்டமாட்டேன். அவன்மட்டுமா ஓட்டறான் அந்த ரோட்டுல? நாளைக்குப் பத்து மணிக்கு நானே வெஸ்லிக்குப் போன் போடுவேன். அதுக்கு முன்னாடி ஓட்டறவனே அவர்கிட்ட பேசிட்டான்னா, நீ என்கிட்ட பேசவே இல்லன்னு வச்சுக்கறேன்."

கொட்டகைக்குப் போகும் முற்றம் இருபது அடிதான். அன்று நீண்டுகொண்டே போனது. ஆலிஸ்டர் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். நான் சொல்லி முடிக்கும்வரை எண்ணெய்க் குப்பியைக் கீழே வைக்கவில்லை.

"பள்ளிக்கூடத்துல வாயே திறக்காதவ," என்றான். "ரொட்டி வாங்கச் சொன்னா கடைக்குக்கூடப் போகமாட்ட. இதுக்கு மட்டும் ஊருக்குப் போன் போட வாய் வந்துச்சா உனக்கு?"

எண்ணெய்க் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"ஒரு சுத்துக்கு நாப்பது தடவ கிளட்ச். நாப்பது பிடிச்சுக் காட்டறேன். அப்புறம் நீ அவளுக்குப் போன் போட்டு, தப்பா எடுத்துட்டேன்னு சொல்லணும். எண்ணு."

ஏறி உட்கார்ந்தான். இடது கையை வலது கையால் தூக்கி ஹேண்டிலில் வைத்தான். விரல்கள் மடிந்தன. எண்ணினேன். பத்து வரைக்கும் கிளட்ச் நெம்புகோல் ஒழுங்காக உள்ளே போய் வந்தது. பன்னிரண்டில் முழங்கை நடுங்கியது. பதினாறில் பல்லைக் கடித்தான். பத்தொன்பதில் விரல்கள் நெம்புகோலின் மேல் கிடந்தன, மடியவில்லை.

"எண்ணு," என்றான்.

"பத்தொன்பது."

"எண்ணுடி!"

நான் என்ன செய்கிறேன் என்று தெரியாமலே அவன் விரல்கள் மேல் என் கையை வைத்து அழுத்தினேன். நெம்புகோல் உள்ளே போனது. "இருபது," என்றேன். மறுபடி அழுத்தினேன். "இருபத்தொண்ணு." இருபத்தைந்து வரை அப்படியே போனோம். அந்தப் பழைய பைக்கின் கிளட்ச் எவ்வளவு கெட்டியென்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவன் விரல்கள் ஈரத்துணி மாதிரி சில்லென்றிருந்தன. இருபத்தாறில் அவன் என் கையைத் தள்ளிவிட்டான்.

"போதும். போன எடு. வெஸ்லி நம்பரப் போட்டுக் குடு."

ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்தேன். வெஸ்லி உடனே எடுத்துவிட்டார். குவாரியில் லாரி பின்னால் நகரும் சத்தம்.

"என்னப்பா ஆலி, நம்பரெல்லாம் ரெடியா? தொப்பையக் குறைச்சு எழுதலயே?"

"ரெடி. ஒண்ணுதான் சொல்லணும். இடது புஜம் முப்பது."

"முப்பத்தாறா?"

"இல்ல வெஸ்லி. முப்பது. வலதுதான் முப்பத்தாறு."

லாரிச் சத்தம் நின்றது. அவர் நடந்து தள்ளிப் போயிருக்க வேண்டும்.

"எப்போலேருந்து?"

"செப்டம்பர்."

வெஸ்லி திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் ஆலிஸ்டர் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பான். அவர் மெதுவாக, "வேன் காலைல வரும். பைக்க ஏத்தறதுக்கு ரெண்டு பேர அனுப்பறேன், நீ தூக்காத," என்றார். வைத்துவிட்டார்.

ஆலிஸ்டர் பைக்கைவிட்டு இறங்கவில்லை. டேங்க் மேல் நெற்றியை வைத்துக் கிடந்தான். படிவத்தை மடித்து அடுப்பில் போடலாமா என்று கேட்க நினைத்தேன். அதற்குள் அவன் பேசினான். முகம் டேங்க்கில் பதிந்திருந்ததால் குரல் உள்ளேயிருந்து வந்தது.

"நெஞ்சு எவ்ளோ எழுதின?"

"தொண்ணூத்தாறு."

"பெருசாக் காட்டறதுக்கு மூச்ச இழுத்துப் பிடிச்சிருந்தேன். மறுபடி எடு."

நான் டேப்பை எடுத்தேன். அவன் எழுந்து நிமிர்ந்தான். வலது கையைத் தூக்கிக்கொண்டான். இடது கையை நான் தூக்கி என் தோள்மேல் வைத்துக்கொண்டேன். டேப்பை முதுகைச் சுற்றிக் கொண்டுவந்து முன்னால் சேர்த்தேன். அவன் மூச்சை விட்டான். டேப் என் விரல்களுக்குள் தளர்ந்தது; இறுக்க இறுக்க, தொண்ணூற்றைந்து, தொண்ணூற்று மூன்று என்று இறங்கிக்கொண்டே போனது.