மார்க் வெட்டுகிறவர்கள், மார்க் போடுகிறவர்கள்

பேண்ட் டீச்சருக்கு அந்த வருஷம் மண்டை காய்ந்துபோனதற்குக் காரணம் பிள்ளைகள் இல்லை, நடுவர்கள்தான். பள்ளிக்கூட பேண்டுகளுக்குப் போட்டி நடத்துகிறவர்கள் இரண்டு கட்சி. ஒன்று சங்கம், இன்னொன்று மன்றம். இரண்டு பேரும் அதே டிரம்மைத்தான் கேட்கிறார்கள், அதே டிரம்பெட்டைத்தான் பார்க்கிறார்கள். ஆனால் ஒருவர் நல்லது என்று சொன்னதை இன்னொருவரும் நல்லது என்று சொல்லி இதுவரை யாரும் கேட்டதில்லை.

சங்கத்து நடுவர்கள் மைதானத்துக்குள்ளேயே இறங்கிவிடுவார்கள். அட்டையும் பென்சிலுமாக, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு, வரிசைகளுக்கு நடுவே புகுந்து புகுந்து நடப்பார்கள். எல்லாருக்கும் முழு மார்க்கில்தான் ஆரம்பம். அதற்கப்புறம் வெட்டுதான். முழங்கால் தாழ்ந்தால் வெட்டு. தோள் சாய்ந்தால் வெட்டு. தொப்பி விழுந்தால் வெட்டு, விழுந்த தொப்பியை யாராவது பார்த்தால் இன்னொரு வெட்டு. குனிந்து எடுத்துவிட்டாலோ, கேட்கவே வேண்டாம்.

மன்றத்து நடுவர்கள் கீழே இறங்கவே மாட்டார்கள். கேலரியின் உச்சி வரிசையில் உட்கார்ந்து ரெக்கார்டரில் பேசிக்கொண்டே இருப்பார்கள். அங்கே பூஜ்யத்தில் ஆரம்பம். பிடித்ததற்கெல்லாம் மார்க் ஏறும். என்ன கதை சொல்கிறீர்கள், அதை நம்பினீர்களா, மனதைத் தொட்டதா, இதுதான் அவர்கள் பேச்சு. போட்டி முடிந்ததும் பேசியதை அந்தந்த பேண்டுக்கே அனுப்பியும் விடுவார்கள், கேட்டுக் கற்றுக்கொள்ளட்டும் என்று.

டீச்சரின் பேண்ட் இத்தனை காலமும் சங்கத்துக்குத்தான் போனது. போன ஒவ்வொரு தடவையும் முதல் சுற்றோடு மூட்டையைக் கட்டியது. சின்ன வகுப்பில் சேர்ந்த பிள்ளைகள் இப்போது கடைசி வகுப்பு. அடுத்த வருஷம் ஆளுக்கொரு திசையில் போய்விடுவார்கள். அவர்களுக்குக் கோப்பைகூட வேண்டாம், இறுதிச் சுற்றில் ஒரே ஒரு தடவை போய் நின்றுவிட்டால் போதும் என்று டீச்சருக்கு இருந்தது. அந்த ஆசையில் தலைமையாசிரியர் ஒரு கல்லைப் போட்டார். இந்த வருஷம் பஸ் ஒரு போட்டிக்குத்தான் கிடைக்கும், எதற்கு என்று நீங்களே முடிவு பண்ணுங்கள் என்றார்.

முடிவு பண்ணுவதற்குள் வீட்டில் ஒரு யுத்தம். டீச்சரின் அண்ணன் போலீஸ் பேண்டில் இருந்து ஓய்வு பெற்றவர், இப்போது சங்கத்து நடுவர். அவர் வெட்டுகிற வேகத்துக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் கத்திரி. சொந்தத் தங்கையின் பேண்டுக்கு அவர் மார்க் போடக்கூடாது என்பது விதி. கருத்துச் சொல்லக்கூடாது என்று ஒரு விதி இல்லாமல் போனதுதான் டீச்சரின் கெட்ட நேரம்.

"சங்கத்துக்கே வா. பசங்க நடை சுத்தமா இருக்கு" என்றார், தட்டைத் தள்ளி வைத்துவிட்டு.

"சுத்தமா இருந்து என்னண்ணா பண்றது? போன வருஷம் உங்க ஆளு ஒருத்தர் சட்டைல பட்டன் போடலன்னு வெட்டினாரு. பட்டன்ல இருந்தா பாட்டு வருது?"

"தப்பு தப்புதானே? நாங்க கண்ணுக்குத் தெரியறதை வெட்டறோம். அவங்கள மாதிரி மனசைத் தொட்டுச்சு, மண்டையைத் தொட்டுச்சுன்னு காத்துல மார்க் போடறதில்ல. மேல உக்காந்திருக்கிற ஆளுக்கு அன்னிக்குச் சாப்பாடு செரிக்கலேன்னு வை, மனசு தொடாது. உன் பசங்க வீட்டுக்கு வந்துடுவாங்க."

"உங்ககிட்ட வந்தப்ப மட்டும் வீட்டுக்கு வராம வேற எங்க போனாங்களாம்?"

அண்ணன் கை கழுவ எழுந்துவிட்டார். அந்த ஒரு திருப்தியிலேயே டீச்சர் மன்றத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டாள்.

கொடுத்த பிறகுதான் வினை தெரிந்தது. தோளை ஆட்டாதே, முகத்தில் எதையும் காட்டாதே, எது விழுந்தாலும் கண் நேரே இருக்கட்டும் என்று வருஷக்கணக்கில் கத்திக் கத்தி ஆணி அடித்தாற்போல் ஆக்கிய பிள்ளைகளிடம், இப்போது ஆடு, சிரி, பயப்படு என்று சொன்னால் அவர்கள் என்ன செய்வார்கள்? திருதிருவென்று விழித்தார்கள். கதை என்னவோ நல்ல கதைதான். வெள்ளத்தில் மாட்டிக்கொண்ட ஒரு படகு. டிரம்கள் அலை, கிளாரினெட்காரர்கள் தண்ணீரில் விழுந்தவர்கள், டிரம்பெட் வரிசை கைகோத்த மாதிரி வளைந்து வந்து ஒருவரையும் விட்டுவிடாமல் படகுக்குள் இழுத்துக்கொள்ளும். ஆனால் முழுகுகிறவர்கள் முகத்தில் பஸ்ஸுக்கு நிற்கிற களைதான் தெரிந்தது.

"முழுகறீங்கடா! கொஞ்சமாவது பதறுங்க!" என்று டீச்சர் தொண்டை கிழியக் கத்தினாள். பதறினால் கால் தப்பியது. கால் தப்பினால் டீச்சருக்குப் பொறுக்கவில்லை, உடனே, "காலைப் பாரு, காலை!" என்றாள். காலைப் பார்த்தால் முகம் போயிற்று. மாலை தோறும் மைதானத்தில் இதே கூத்து. பல நாள் வீட்டுக்கு வந்து கதவை அறைந்து சாத்தினாள். ஆனால் கொஞ்சம் கொஞ்சமாகப் படகு படகானது.

போட்டி நாள். சரளைக் கல் துருத்திக்கொண்டிருந்த மைதானம். பேண்ட் லீடர் ஒரு நெட்டைப் பெண், கொக்கு என்று கூப்பிடுவார்கள். கோலை உயர்த்தி, பேண்டைப் பார்த்தபடி அவள் பின்னோக்கி நடந்தாள். அலை எழும்பியது. கேலரியில் கைதட்டல் கேட்டது. டீச்சர் ஓரத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அப்போது கிளாரினெட் வரிசையில் இருந்த குட்டிப் பெண்ணின் ஷூ கழன்றுகொண்டது. அவளுக்குக் குருவி என்று பெயர். ஷூ ஒரு பக்கம் உருண்டது, குருவி ஒற்றைக் காலுறையோடு கல்லில் நடந்தாள். முகம் சுளிக்கவில்லை, சுரம் தப்பவில்லை. பின்னால் வந்த வரிசைகள் அந்த ஷூவை மிதிக்காமல் இரண்டாகப் பிரிந்து மறுபடி சேர்ந்தன. ஒருவர் தலையும் குனியவில்லை. கொக்கின் கண் மட்டும் கீழே போனது, நடை லேசாகத் தயங்கியது. டீச்சர் ஓரத்தில் இருந்து ஒரு முறை முறைத்தாள். அந்தக் கண் உடனே நேரானது. சபாஷ் என்று டீச்சர் வாய்க்குள் சொல்லிக்கொண்டாள்.

இறுதிச் சுற்றுக்கு மூன்று பேண்டுகள். டீச்சரின் பேண்ட் நான்காவது. அரை மார்க்கில் போய்விட்டது.

டீச்சருக்கு முகத்தில் ஈயாடவில்லை. பிள்ளைகள் அழுதார்கள். பெரிய டிரம் அடிக்கிற தடியன் டிரம்மின் மேலேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டான். மூன்றாவதாக வந்த பேண்டில் ஒரு டிரம்பெட்காரன் பாட்டின் நடுவில் தப்பாக ஊதி, அவனே வாய்விட்டுச் சிரித்து, பக்கத்தில் இருந்தவனும் சிரித்து, கேலரியே சிரித்தது. அதற்கு மார்க் போட்டிருக்கிறார்கள்! டீச்சருக்கு வயிறு எரிந்தது.

எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றுகிற மாதிரி, வேடிக்கை பார்க்க வந்திருந்த அண்ணன் பஸ் பக்கம் வந்து சேர்ந்தார்.

"நான் மனசுக்குள்ளயே வெட்டிப் பார்த்துட்டேன். ஷூவுக்கு ஒண்ணு, அவ்வளவுதான். சங்கமா இருந்தா உன் பேண்டுதான் முதல்ல வந்திருக்கும்."

"அண்ணா, இன்னும் ஒரு வார்த்தை பேசினே, என்ன பண்ணுவேன்னு எனக்கே தெரியாது."

அவர் நல்ல மனசோடுதான் சொன்னார். அதனால்தான் இன்னும் கோபம் வந்தது.

பஸ் கிளம்பியதும் நடுவரின் பேச்சு டீச்சரின் போனுக்கு வந்தது. எல்லாரும் கேட்கட்டும், நமக்கு நடந்த அநியாயம் தெரியட்டும் என்று பஸ் ஸ்பீக்கரில் போட்டாள். ஒரு அம்மாவின் குரல், பின்னால் இவர்களுடைய டிரம் சத்தம்.

"அருமையான அலை... கிளாரினெட் நல்லா முழுகுறாங்க... ஐயோ, ஒரு பொண்ணுக்கு ஷூ போயிடுச்சு. கல்லுல நடக்குதே குழந்தை. யாராவது... இல்ல. சுத்திப் போறாங்க. யாருமே பார்க்கல. ஒருத்தரையும் விடமாட்டோம்னு கதை சொல்றீங்க, பக்கத்துல நடக்கற புள்ளையை விட்டுட்டீங்களே. இதுக்கு மேல என்னால இந்தப் படகை நம்ப முடியல."

டீச்சர் படக்கென்று அணைத்தாள். "பார்த்தீங்களா? எவ்வளவு கஷ்டப்பட்டு வரிசை கலையாம வந்தீங்க! அதைக் குத்தம்னு சொல்றாங்க. மேல உக்காந்துக்கிட்டு என்ன வேணா பேசலாம். அந்த நேரத்துல குனிஞ்சு எடுக்கணும்னு யாருக்குத் தோணும்?"

"எனக்குத் தோணுச்சு டீச்சர்" என்றாள் கொக்கு.

பஸ்ஸில் அழுதுகொண்டிருந்தவர்களும் நிறுத்திவிட்டார்கள்.

"எடுக்கத்தான் போனேன். கதையோட சேர்ந்துதான் இருந்திருக்கும். நீங்க முறைச்சீங்க. அதான் விட்டுட்டேன்." குற்றம் சாட்டுகிற குரல்கூட இல்லை, நடந்ததைச் சொல்கிற குரல். "மேல இருக்கறவங்களை நாங்க பார்க்கவே இல்ல டீச்சர். உங்களைத்தான் பார்த்துக்கிட்டிருந்தோம்."

டீச்சர் வாயைத் திறந்தாள். வருஷம் பூராவும் திட்டுவதற்கு ஆள் இருந்தது. சங்கம் இருந்தது, மன்றம் இருந்தது, அண்ணன், தலைமையாசிரியர், பட்டன்காரர் எல்லாரும் இருந்தார்கள். இப்போது ஒருவரும் அகப்படவில்லை. இறுதிச் சுற்றைப் பிள்ளைகளிடம் இருந்து பிடுங்கியது தன்னுடைய கண்தான் என்பது புரிந்தபோது அவளுக்குக் காது சூடாகிவிட்டது.

எழுந்து, கம்பியைப் பிடித்துப் பிடித்து குருவியின் இருக்கைக்குப் போனாள்.

"காலைக் காட்டு."

குருவி தயங்கித் தயங்கி நீட்டினாள். காலுறை குதிகாலோடு ஒட்டிப்போய், ஓரமெல்லாம் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது.

"ஏன்டி, அப்பவே சொல்லக்கூடாதா?"

"நீங்க மார்க்கைத்தான் கேட்டுக்கிட்டிருந்தீங்க டீச்சர்."

டீச்சர் ஓடுகிற பஸ்ஸின் தரையில் உட்கார்ந்து அந்தக் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். காலுறையை நனைத்துக் கழற்றத் தண்ணீர் வேண்டும் என்றாள். முன்னால் இருந்தும் பின்னால் இருந்தும் பாட்டில்கள் வந்தன.