உயர்மட்டக் குழுவும் ஒரு சட்டி கோழியும்

மாண்புமிகு மேனேஜர் அவர்கள் நேற்று மத்தியானத்திலிருந்து உணவு எதையும் ஏற்கவில்லை என்பதை ஆழ்ந்த கவலையுடன் அறிவிக்க வேண்டியிருக்கிறது.

மேனேஜர் என்பது நாய். நாளெல்லாம் படுத்திருந்து, பிறர் வேலை செய்யும்போது மட்டும் ஒரு கண்ணைத் திறந்து பார்ப்பதால் வந்த பெயர். வயதாகிவிட்டது, வயிறும் கெட்டிருந்தது. கொழுப்பில்லாமல், உப்பில்லாமல் ஏதாவது கொடுங்கள், இன்று இரவுக்குள் சாப்பிடாவிட்டால் காலையில் டிரிப்ஸ் ஏற்றித்தான் ஆகவேண்டும் என்று டாக்டர் சொல்லியனுப்பியிருந்தார். இந்த வயதில் தாங்குமா என்று கேட்டதற்கு, பார்க்கலாம் என்றார்.

வீட்டுக்காரி விடியுமுன் ஒரு சட்டியில் கோழியையும் சோற்றையும் குழைய வேகவைத்து மூடிவிட்டு, ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துக்கு வேலைக்குப் போய்விட்டாள். நாயைக் கவனிக்க லீவு போட்டிருந்த புருஷனும் அவன் தம்பியும் கூடிப் பேசி, அந்தச் சட்டி விஞ்ஞானபூர்வமானதல்ல என்று ஒதுக்கினார்கள். நாய் ஓநாய் வம்சம், பச்சை இறைச்சிதான் என்றான் தம்பி. அவன் நாய் வளர்த்ததில்லை, வீடியோ பார்த்திருக்கிறான். ஓட்ஸ்தான் என்றான் அண்ணன். அவனுக்கு ஓட்ஸ் எழுதிக் கொடுத்தது வேறு டாக்டர், வேறு வியாதிக்கு. சமரசமாக விலையுயர்ந்த நாய்த்தீனி பாக்கெட் ஒன்றும் வந்து சேர்ந்தது. மூன்று கிண்ணங்களையும் மேனேஜர் மோந்துகூடப் பார்க்கவில்லை.

சாயங்காலம் அவள் வந்தாள். நாள் முழுக்க ஈரப் போர்வைகளைத் தூக்கிய கை, செருப்பைக் கழற்றவே யோசித்தது.

"நமக்கு என்ன சமைச்சீங்க?"

"எங்க நேரம்? காலையிலேர்ந்து இதே வேலைதான்" என்றான் புருஷன்.

"விஷயத்தோட சீரியஸ்னெஸ் உங்களுக்குப் புரியல அண்ணி" என்றான் தம்பி.

"புரியுது தம்பி. தள்ளி உக்காருங்க."

சட்டியோடு அடுப்படித் தரையில் சரிந்து உட்கார்ந்து ஒரு வாய் வைத்தாள். உப்பில்லை. எழுந்து எடுக்கத் தெம்பும் இல்லை. அப்படியே தின்றாள்.

மேனேஜர் ஒரு கண்ணைத் திறந்தது. பிறகு மற்றதையும். தரையைத் தேய்த்துக்கொண்டு வந்து அவள் மடியில் தாடையை வைத்தது. ஒரு கை அள்ளி நீட்டினாள். நக்கியது. இன்னொரு கை. அதையும்.

"ஊசி வேணாம்டா உனக்கு" என்றாள்.

இது கூட்டாக உண்ணும் ஓநாய்க் குணம், தான் முதலிலேயே சொன்னதுதான் என்று தம்பி விளக்கினான். தன் கருத்தும் ஏறக்குறைய அதுவே என்று அண்ணன் வழிமொழிந்தான். பிறகு பசி வந்து, இருவரும் சட்டியை எட்டிப் பார்த்தார்கள்.

சட்டி காலி.