சுவர்ப் பக்கம்

அவளும் மகனும் சேர்ந்துதான் கணவரைத் திருப்ப வேண்டியிருந்தது. சுவரைப் பார்த்து ஒருக்களித்தபடியே உயிர் போயிருந்தது. டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போவதற்குள் உடம்பு விறைக்கத் தொடங்கிவிட்டது. மகன் தோளைப் பிடித்தான், அவள் இடுப்பைப் பிடித்தாள். மல்லாத்திய பிறகும் முழங்கால்கள் மடங்கியே நின்றன. மகனின் கழுத்தில் கேமரா தொங்கிக்கொண்டிருந்தது. குனியும்போதெல்லாம் அது அப்பாவின் மார்பில் இடித்தது.

"அதைக் கழட்டி வச்சிட்டு வா," என்றாள்.

வாழ்நாளெல்லாம் வெல்டிங் பட்டறையில் புகை தின்ற நுரையீரல். அவர் படுத்த படுக்கையான சமயத்தில்தான், போட்டோகிராபி படிக்கும் மகனுக்குக் கல்லூரியில் அந்த வேலையைக் கொடுத்தார்கள்: ஒரு மனிதரின் கதையைப் படங்களாலேயே சொல்ல வேண்டும். அப்பாவையே எடுக்கிறேன் என்று அவன் சொன்னபோது அவருக்குப் பெருமை பிடிபடவில்லை. தேய்த்த சட்டையாகக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். தலையணையை முட்டுக்கொடுத்து நிமிர்ந்து உட்கார்ந்தார். "கல்யாணத்தன்னிக்குக்கூட என்னை யாரும் இவ்வளவு நேரம் பார்த்ததில்ல," என்று இருமலுக்கு நடுவே சிரித்தார்.

அந்தப் படங்களை ஆசிரியர் ஒதுக்கிவிட்டார். பாஸ்போர்ட்டுக்கு எடுத்தது போல இருக்கிறது, கேமரா இருப்பதை அவர் மறக்கும்வரை காத்திரு என்றாராம். மகன் காத்திருக்கக் கற்றுக்கொண்டான். சத்தம் வராமல் எடுக்கவும், கதவிடுக்கிலிருந்து எடுக்கவும், சன்னல் வெளிச்சம் முகத்தில் விழும் நேரம் பார்த்து வந்து நிற்கவும் கற்றுக்கொண்டான். வேண்டாமென்று சொல்ல அவளுக்கு வாய்வரை வந்தது. ஆனால் எதிலும் உருப்படியாகத் தேறாதவன், முதன்முறையாக வகுப்பில் கைதட்டல் வாங்கிக்கொண்டு வந்து நின்றான். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

ஒரு மத்தியானம் அவன் கேமராவைக் கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டு மருந்து வாங்கப் போனான். எப்படி எடுத்திருக்கான், காட்டு என்றார் அவர். எந்தப் பொத்தான் என்று அவளுக்குத் தெரியும். அமுக்கினாள். வாய் பிளந்து தூங்கும் முகம், கடைவாயில் எச்சில். விலகிய போர்வைக்குக் கீழே குச்சியாக ஒரு தொடை. அடுத்ததில் அவள் மூத்திரக் கோப்பையைப் பிடித்திருக்கிறாள், அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவள் நிறுத்தப் போனாள். இன்னும் போ என்றார். எல்லாவற்றையும் பார்த்தார்.

"நல்லாதான் எடுத்திருக்கான்," என்றார். பிறகு, "இதெல்லாம் காலேஜ்ல மாட்டுவாங்களா?"

அவள் கேமராவை நிறுத்தி, இருந்த இடத்திலேயே வைத்தாள்.

"நான் பார்த்தேன்னு அவன்கிட்ட சொல்லாத. அப்புறம் கை நடுங்கிடும் அவனுக்கு."

அதற்குப் பிறகு மகனின் செருப்புச் சத்தம் கேட்டாலே சுவர்ப் பக்கம் புரண்டுகொள்வார். புழுக்கத்திலும் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிடச் சொல்வார். பிறகு திரும்பிப் புரளத் தெம்பில்லாமல் அப்படியே கிடந்தார். முகமே கிடைக்கவில்லை என்று அலுத்துக்கொண்ட மகன், வேறு வழியில்லாமல் முதுகை எடுத்தான். எல்லாவற்றிலும் அதுதான் உச்சம் என்றாராம் ஆசிரியர். கல்லூரிக் கண்காட்சியில் நுழைந்ததும் கண்ணில் படுகிற இடம் அதற்குத்தானாம்.

இப்போது அவள் ஈரத்துணியால் அவர் முகத்தைத் துடைத்தாள். கீழ்ப்பக்கமாக இருந்த கன்னத்தில் தலையணை மடிப்பின் தடம் ஆழமாகப் பதிந்திருந்தது. துடைக்கத் துடைக்க அது போகவில்லை. மகன் தண்ணீர் மாற்றிக்கொண்டு வந்து வைத்தான். வைத்தவன் எழுந்திருக்கவில்லை.

"அப்பா ஏம்மா கடைசியில அந்தப் பக்கமே படுத்திருந்தாரு? நான் ஏதாச்சும்..."

அவள் துணியைப் பிழிந்தாள். பிழிந்ததையே மறுபடியும் பிழிந்தாள்.

"சன்னல் வெளிச்சம் கண்ணு கூசுதுன்னாருடா. வேற ஒண்ணுமில்ல."

அவன் சன்னலைப் பார்த்தான்.

"எங்கிட்டச் சொல்லியிருந்தா திரையை இழுத்து விட்டிருப்பேனே."

எழுந்து கட்டிலைச் சுற்றிப் போனான். திரை கம்பியில் சிக்கிக்கொண்டது. ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இழுத்தான். ஓரத்தில் ஒரு கீற்று வெயில்கூட உள்ளே வராதபடி சுவரோடு சேர்த்துச் செருகினான். அறை இருண்டது. இன்னும் துடைக்காத காதோரம் எங்கே இருக்கிறது என்று அவள் விரலால் தேடினாள்.