தொண்ணூற்றொரு பாகை

சிப்பாய் அந்தச் சிறிய ஊசிக்குழலை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தான். உள்ளே சாம்பல் நிறக் களிம்பு இருந்தது. "மே மொகக்த?" என்று சிங்களத்தில் கேட்டான், இது என்னவென்று. வலன்ரைனின் பையிலிருந்த மற்றதெல்லாம் ஏற்கெனவே மேசையில் பரப்பப்பட்டிருந்தன: திருப்புளிகள், தூரிகை, டோர்ச், கடதாசியில் சுற்றிய இரண்டு சின்ன விசிறிகள். "கொம்பியூட்டர்வலட்ட தான பெஹெதக், மஹத்தயா," என்றார் அவர். கொம்பியூட்டருக்குப் போடுகிற மருந்து. இதைக் கேட்டுச் சிலர் சிரிப்பார்கள். இவன் சிரிக்கவில்லை. அடையாள அட்டையை இன்னொரு தரம் புரட்டிப் பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் அள்ளிக்கொள்ளச் சொல்லிக் கையைக் காட்டினான். அதற்குள் பஸ் அவரை விட்டுவிட்டுப் போயிருந்தது.

மிச்சத் தூரத்தை நடந்தார். கொட்டாஞ்சேனையில் பதினொன்றரைக்கு ஏறியவர் வெள்ளவத்தைக்கு வந்து சேரும்போது இரண்டரை. மருதானையில் ஒருதரம், கொள்ளுப்பிட்டியில் ஒருதரம், இப்போது இங்கே ஒருதரம் என்று இறங்கி வரிசையில் நின்றாயிற்று. சோதனைச்சாவடிகள் பெருகிய இந்த இரண்டு வருடத்தில் கால்களை விட முகம்தான் அதிகம் களைத்துப்போகிறது என்று அவர் மனைவி பிறிஜெற்றிடம் சொல்வதுண்டு. ஒரு குற்றமும் செய்யாதவனின் முகத்தை நாள் முழுக்க வைத்திருக்க வேண்டியிருக்கிறது. வீட்டுக்கு வந்து கழுவினாலும் அது லேசில் கழன்று போவதில்லை.

கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கையின் கடைசியில் இருந்தது அந்த வீடு. பக்கவாட்டுப் படிகளில் ஏறினால் மாடியில் ஓர் அறையும் குசினியும் மட்டுமுள்ள அனெக்ஸ். மூன்று வருடங்களுக்கு முன் யோகநாதனும் அவரும் ஒரு சின்னக் கொம்பியூட்டர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இதே படிகளில் ஏறினார்கள். யோகநாதன் கட்டட வரைபடம் கீறுகிறவர். அலுவலக வேலை போக, வீட்டிலும் இருந்து கீறுவார். வலன்ரைனின் கொம்பியூட்டர் கடைக்கு வந்தபோது அவர் கேட்டது ஒன்றைத்தான்: சத்தம் போடாத மெசின். "மனுசிக்கு ஊசி விழுந்தாலும் முழிப்பு வந்திடும் வலன்ரைன். ஒரே அறை." வலன்ரைன் தேடித் தேடிச் சாமான் எடுத்து, பெரிய அகராதி ஒன்றின் அளவில் அந்தப் பெட்டியைப் பாகம் பாகமாகப் பூட்டிக் கொடுத்தார். ஓடுகிறதா இல்லையா என்று கையை வைத்துப் பார்த்தால்தான் தெரியும். அப்படி ஒன்றை அதற்குப் பிறகு அவர் பூட்டவில்லை.

மார்ச் மாதம் ஒரு நாள், வரைபடப் பிரதிகளை எடுத்துவரத் தெமட்டகொடைக்குப் போன யோகநாதன் திரும்பி வரவில்லை. யார் கொண்டுபோனார்கள், எங்கே என்று ஒருவருக்கும் தெரியாது. ஏப்ரலில் வேறொரு வாடிக்கையாளர் சொல்லித்தான் வலன்ரைன் அதை அறிந்தார். ஒரு நடை போய்ப் பார்க்க வேண்டும் என்று அன்றைக்கே நினைத்தார். ஆனால் அப்படிப்பட்ட வீட்டுக்குப் போகிறவர்களை எங்கிருந்தாவது யாராவது பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று பிறிஜெற் பயந்தாள். அவருக்கும் அந்தப் பயம் இருந்தது. அவள் மேல் பழியைப் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்தார். இப்போது ஓகஸ்ட். நேற்று யோகநாதனின் மனைவி அருந்ததி ஃபோன் எடுத்து மெசின் கத்துகிறது என்றபோது, முதலில் அவருக்கு வந்தது ஒருவித ஆறுதல். திருத்த வேலைக்குப் போவதற்கு யாரும் காரணம் கேட்கமாட்டார்கள்.

கத்தல் படியிலேயே கேட்டது. மூன்று விநாடிக்கு ஒருதரம் கூர்மையாக ஒரு 'பீப்'. கதவைத் திறந்த அருந்ததி மெலிந்திருந்தாள். காப்புறுதிக் கம்பனியொன்றில் கிளார்க் வேலை. சனிக்கிழமை அரை நாள் முடித்து வந்து இன்னும் சேலை மாற்றவில்லை.

"வாங்கோ அண்ணா. சாப்பிட்டியளோ?"

"சாப்பிட்டன் மிஸ். எத்தனை நாளா இப்பிடிக் கத்துது?"

"நாலு நாள். முந்தி இடைக்கிடை. இப்ப விடாமக் கத்துது. கீழ் வீட்டுக்காரர் வந்து என்ன சத்தமெண்டு கேட்டவை. அவையும் பயப்பிடுகினம்."

பெட்டி சன்னலோரத்து மேசையில் இருந்தது. மேலே கையை வைத்தவர் உடனே எடுத்துக்கொண்டார். திரையில் ஒரு மூலையில் வெப்பநிலையைத் தேடி எடுத்தார். புரொசெசர் தொண்ணூற்றொரு பாகையில் இருந்தது.

"ஐயோ பாவம்," என்றார், மனிதரைச் சொல்வதுபோல. "இதை ஓஃப் பண்ணிட்டுக் கழட்டிப் பாப்பம்."

"நிப்பாட்டேலாது."

அவள் குரல் உயரவில்லை. ஆனால் அவருக்கும் மேசைக்கும் நடுவில் ஓரடி வந்து நின்றாள். "அவர் போன அண்டைக்கு இதை நிப்பாட்டாமத்தான் போனவர். ரெண்டு மணித்தியாலத்தில வந்திடுவன் எண்டவர். அண்டையில இருந்து நான் நிப்பாட்டேல்லை. கரண்ட் போனாலும் எண்டு பெரிய யூ.பி.எஸ். ஒண்டும் வாங்கி வைச்சிருக்கிறன். பாஸ்வேர்ட் எனக்குத் தெரியாது அண்ணா. ஒருக்கா நிண்டால் பிறகு உள்ளுக்குப் போகேலாது."

ஐந்து மாதம். வலன்ரைன் மனதுக்குள் கணக்குப் பார்த்தார். நாளில் சில மணிநேரம் ஓடுவதற்கென்று பூட்டிய சின்ன விசிறி, கடல் காற்றில், ஐந்து மாதமாக ஒரு நிமிடமும் நிற்காமல் சுற்றியிருக்கிறது.

"சரி," என்றார். "ஓடிக்கொண்டிருக்கக்குள்ளயே பாப்பம்."

அப்படிச் செய்யக்கூடாது. கடைக்கு வருகிறவர்களிடம் அதைத்தான் அவர் முதலில் சொல்வார். கை மோதிரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, நான்கு திருகாணிகளையும் எடுத்து மூடியைத் தூக்கினார். உள்ளிருந்து வந்த சூடு முகத்தில் அடித்தது. வெப்பத்தை வெளியேற்றும் அலுமினியத் தகடுகளின் இடைவெளியெல்லாம் தூசி கம்பளிபோல இறுகிக் கிடந்தது. விசிறியின் நடுவில் துரு. அது ஒரு சுற்றுச் சுற்றி, தயங்கி, மறுபடி சுற்றியது. தூரிகையின் நுனியால் தூசியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளப்பி எடுத்தார். அருந்ததி கேளாமலே டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எண்பத்தாறு. எண்பத்திநாலு. மேசை விசிறியைத் திறந்த பெட்டிக்கு நேரே திருப்பி வைத்ததும் எழுபத்தொன்பதுக்கு இறங்கியது. கத்தல் நின்றது.

அந்த அமைதியில் அருந்ததி கட்டிலின் ஓரத்தில் குந்தினாள். குந்திய விதம் விழுந்ததுபோல இருந்தது. பிறகு எழுந்து போய்த் தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்தாள்.

வலன்ரைன் பாதி குடித்துவிட்டுச் சொன்னார். "மிஸ், உள்ளதைச் சொல்லணும். இது காய்ச்சல்காரனுக்கு நெத்தியில ஈரத்துணி போட்ட மாதிரி. நோய் மாறல்ல. ஃபேன் முடிஞ்சுது. அடியில பூசியிருக்கிற பேஸ்ற் காஞ்சு போயிருக்கும். ரெண்டையும் மாத்தணும். ஓஃப் பண்ணாம மாத்த ஏலாது."

"மாத்தாட்டி?"

"இண்டைக்கோ, பத்து நாளிலயோ, தானா நிண்டுடும். அப்ப புரொசெசரும் எரிஞ்சு போனா ஒண்டும் செய்ய ஏலாது."

"பாஸ்வேர்டை உடைக்கலாம்தானே?"

"உடைக்கலாம். அவர் கீறின படமெல்லாம் கிடைக்கும். ஆனா உடைச்சா, உள்ளுக்குச் சேமிச்சு வைச்ச மத்தப் பாஸ்வேர்ட் எல்லாம் அழிஞ்சு போகும். மெயில், மெசெஞ்சர் ஒண்டும் திரும்பத் திறக்காது. சும்மா சரி வரும் எண்டு சொல்லிட்டுப் போக எனக்கு மனமில்ல."

மேசை விசிறி கரகரத்தது. அப்போது திரையின் கீழே ஒரு சின்னக் கட்டம் மினுங்கியது. அருந்ததி கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று மணி. கதிரையை இழுத்துப்போட்டு விசைப்பலகையின் முன் இருந்தாள். வலன்ரைன் பார்க்கக்கூடாது என்றுதான் நினைத்தார். ஆனால் அவர் நின்ற இடத்திலிருந்து திரை தெரிந்தது. ஆங்கில எழுத்தில் தமிழ்.

*தம்பி நிக்கிறியோ?*

*ஓம் அம்மா,* என்று அருந்ததி அடித்தாள்.

*சாப்பிட்டியோ?*

*ஓம். நீங்க சாப்பிட்டியளோ?*

பிறகு கைகளை மடியில் வைத்துக்கொண்டு, திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினாள்.

"மாமி, இவரின்ர அம்மா. லண்டனில சின்ன மகன் கதிரோட இருக்கிறா. இவர் காணாமப் போன கிழமைதான் அவவுக்கு இருதய ஒப்பரேசன். கதிர் சொன்னார், இப்ப சொன்னால் தாங்கமாட்டா, கொஞ்சம் தேறட்டும் எண்டு. தமையனுக்குத் திடீரெண்டு டோஹாவில வேலை கிடைச்சிட்டுது, காம்ப்பில ஃபோன் இல்லை, கொம்பியூட்டர் மட்டும்தான் எண்டு சொல்லி வைச்சிட்டார். நான் இதில குந்தியிருந்து அவரின்ர மெயிலுக்கு யாராவது ஏதாவது எழுதியிருக்கினமோ எண்டு பாத்துக்கொண்டிருக்க, இந்தக் கட்டம் வந்துது. தம்பி நிக்கிறியோ எண்டு. ஓம் எண்டு அடிச்சிட்டன். வேற என்ன அடிக்கிறது? அண்டையில இருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் மூண்டு மணி."

வலன்ரைன் ஆறிப்போன மிச்சத் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார்.

"அவர் அவவுக்கு ஒரு சொல்லுக்கு மேல எழுதமாட்டார். நான் முதல் முதல் நீளமா எழுதிப்போட்டன். பிறகு குறைச்சுக்கொண்டன்." ஒரு விரலால் விசைப்பலகையின் விளிம்பைத் துடைத்தாள். "பொலிஸுக்குப் போறன், ஓஃபிஸுகளுக்குப் போறன், லிஸ்ட்டில பேர் பாக்கிறன். அங்கையெல்லாம் நான் அவரின்ர மனுசி. சனிக்கிழமை வந்தால் இதில இருந்து நான் அவராகவும் இருக்க வேணும். ஏலாமக் கிடக்கு அண்ணா."

கட்டத்தில், எழுதிக்கொண்டிருக்கிறார் என்ற குறி வந்தது. போனது. மறுபடி வந்தது. ஒற்றை விரலால் எழுத்துத் தேடித் தேடி அடிக்கிற ஒரு கிழவியை வலன்ரைன் நினைத்துப் பார்த்தார். கடலோரத்தில் மொரட்டுவைப் பக்கம் போகிற ரயில் கடந்தது. சன்னல் கண்ணாடி நடுங்கி ஓய்ந்த பிறகுதான் எழுத்து வந்தது.

*பிள்ளை*

அருந்ததி அசையவில்லை. "என்னைத்தான் அவ அப்பிடிக் கூப்பிடுறவ," என்றாள், மிக மெதுவாக. "அவரை ஒருநாளும் இல்லை. அவர் தம்பி."

குறி வந்து வந்து போனது. அடுத்தது வர ஐந்து நிமிடம் எடுத்திருக்கும்.

*நான் சாப்பிட்டனோ எண்டு தம்பி ஒருநாளும் கேட்டதில்லை. நீதான் கேக்கிறனி*

பிறகு:

*கதிருக்குத் தெரிய வேண்டாம். அவன் பாவம், எனக்கு ஒளிச்சு ஒளிச்சுக் களைச்சுப் போனான்*

பிறகு:

*நீயும் களைச்சுப் போனாய் பிள்ளை. அதை விட்டிட்டுப் போய்க் கொஞ்சம் படு*

வலன்ரைன் குசினிப் பக்கம் போய் நின்றார். கோப்பையைக் கழுவினார். கழுவின கோப்பையை மறுபடி கழுவினார். அழுகைச் சத்தம் வரும் என்று எதிர்பார்த்தார். வரவில்லை. விசைப்பலகையில் ஓர் எழுத்து விழுவதும், அழிவதும், மறுபடி விழுவதும் மட்டும் கேட்டது. அவர் திரும்பி வந்தபோது கடைசி வரியாக இருந்தது அருந்ததி அடித்த இரண்டு சொல்: *ஓம் மாமி.*

அதற்கு மேல் அங்கிருந்து ஒன்றும் வரவில்லை. மாமியின் பெயருக்குப் பக்கத்திலிருந்த பச்சைப் புள்ளி கொஞ்ச நேரத்தில் சாம்பலாகிவிட்டது.

"எத்தினை மாதமாத் தெரிஞ்சிருக்கும் அவவுக்கு," என்றாள் அருந்ததி. அது அவரிடம் கேட்ட கேள்வி இல்லை. மேசை விளிம்பில் இரண்டு கையையும் ஊன்றி எழும்பினாள். "அவர் கீறினதுகளை முதல்ல எடுத்துத் தாங்கோ. மெயிலுகளையும். ஏலுமான எல்லாத்தையும்."

வலன்ரைன் தன் பென் டிரைவைச் செருகினார். வரைபடங்கள், யாரோ கட்டாமல் விட்ட வீடுகள், கல்கிசையில் ஒரு மாடிக் குடியிருப்பின் குளியலறைகள், பெயர் வைக்காமல் விட்ட ஒரு கோப்பு, எல்லாம் ஒவ்வொன்றாகப் போய்ச் சேர்ந்தன. கடிதங்களைப் பக்கம் பக்கமாகச் சேமித்தார். அருந்ததி முதலில் பக்கத்தில் நின்று பார்த்தாள். பிறகு கட்டிலின் ஓரத்தில் இருந்து பார்த்தாள். முடிய முக்கால் மணித்தியாலம் ஆனது. சூடு எண்பதுக்கும் எண்பத்திரண்டுக்கும் இடையில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"முடிஞ்சுது மிஸ். நான் ஓஃப் பண்ணவா?"

"இல்லை. நான் நிப்பாட்டுறன்."

அவள் வந்து குனிந்து சுட்டியைப் பிடித்தாள். அழுத்துவதற்கு முன் திரையிலிருந்த கணவரின் பெயரை ஒருதரம் வாசித்ததுபோல உதடு அசைந்தது. திரை நீலமாகி, பிறகு கறுத்தது. தயங்கித் தயங்கிச் சுற்றிய விசிறி இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது. வலன்ரைன் மேசை விசிறியையும் நிறுத்தினார்.

பெட்டியை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு சூடு ஆறும்வரை இருந்தார். தகடுகளைக் கழற்றினால், அடியில் பேஸ்ற் காய்ந்த சேறுபோல வெடித்திருந்தது. பஞ்சால் துடைத்தார். புரொசெசரின் உலோக முகம் மெல்ல மெல்லத் தெளிந்து, அதில் பொறித்திருந்த சின்ன எழுத்துகள் வாசிக்கக்கூடியதாக வந்தன. ஊசிக்குழலின் மூடியைத் திருகித் திறந்தபோது, புது விசிறியை எந்தப் பக்கம் வைத்தால் கடல் காற்றுக் குறைவாகப் படும் என்று கேட்பதற்குத் திரும்பினார்.

அருந்ததி உறங்கிப்போயிருந்தாள். படுக்கவில்லை. இருந்தபடியே சுவரில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, ஒரு செருப்புக் காலிலும் ஒன்று நிலத்திலுமாக. வெயில் சன்னலால் வந்து அவள் மடியில் கிடந்தது.

வலன்ரைன் எழுந்து சத்தம் வராமல் சன்னல் திரையை இழுத்துவிட்டார். தன் காலணிகளையும் கழற்றினார். கழற்றிய திருகாணிகளை மேசையில் வைக்கவில்லை. பையிலிருந்து கைலேஞ்சியை எடுத்து மடியில் விரித்து, ஒவ்வொன்றாக அதன் மேல் விட்டார். ஒன்று மட்டும் விரலுக்குத் தப்பி உருண்டது. நிலத்தைத் தொடுமுன் அதை உள்ளங்கையில் ஏந்தி, மூடிய கையோடு, அவளுடைய மூச்சு மாறுகிறதா என்று பார்த்துக்கொண்டு அசையாமல் இருந்தார்.