கண்டெடுத்த பிள்ளை

என் மகள் லோகேஸ்வரி எந்த நாட்டுக்காரியும் இல்லையாம். மலேசியாவில், கோல சிலாங்கூரில் பிறந்து, எங்கள் தோட்டத்துப் பள்ளியில் படித்து, பள்ளியிறுதி எஸ்பிஎம்மில் நல்ல தேர்ச்சி பெற்றவள். தாதியர் கல்லூரி கேட்பது ஓர் அடையாள அட்டை. அதுதான் அவளிடம் இல்லை. இருபத்தொரு வயது தாண்டிவிட்டால் இன்னும் கஷ்டம் என்கிறார்கள்.

இதில் அவள் செய்த குற்றம் என்ன? என் மனைவி மோகனா லயத்து வீட்டில் மருத்துவச்சி கையில் பிறந்தவள். அவள் பிறப்பை யாரும் பதியவில்லை. பிறப்புப் பத்திரம் இல்லாதவளோடு நடந்த கல்யாணத்தையும் பதிய முடியவில்லை. முனியாண்டி கோயிலில் தாலி கட்டினேன். தோட்டமே வந்து சாப்பிட்டுப் போனது. எங்கள் ஆட்களுக்கு அது போதும். சட்டத்துக்குப் போதாதாம். அதனால் நான் நீல அட்டை வைத்திருக்கும் குடிமகனாக இருந்தும் பிள்ளையின் குடியுரிமை தாயைத்தான் சேருமாம். தாய்க்கோ ஒன்றுமே இல்லை.

கோயில் வாசலில் கிடந்த அனாதைக் குழந்தையாக இருந்திருந்தால் சட்டத்தில் வழி இருந்திருக்கும் என்றார் பதிவு இலாகா முகப்பில் இருந்த அதிகாரி. நக்கல் இல்லை, உண்மையாகவே வருத்தப்பட்டுச் சொன்னார். அதுதான் என் வயிற்றெரிச்சலைக் கிளப்பியது.

சனிக்கிழமைகளில் பல்கலைக்கழகச் சட்ட உதவி மையத்திலிருந்து ஷர்மினி என்ற மாணவி எங்கள் கோயில் மண்டபத்துக்கு வருவாள். மூவரும் அவளிடம் போனோம்.

"கோயில் வாசல்ல கண்டெடுத்தேன்னு எழுதும்மா. நான் கையெழுத்துப் போடுறேன்."

பொய் எழுத மாட்டேன் என்றாள். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. கண்டெடுத்த பிள்ளைக்கு நாடு உண்டு, பெற்ற பிள்ளைக்கு இல்லை என்கிறவர்களிடம் எதற்கு உண்மை என்று கத்தினேன். மண்டபமே திரும்பிப் பார்த்தது.

லோகேஸ்வரி என் கையைப் பிடித்தாள்.

"எழுதுங்க லா, அக்கா. பரவால்ல. வீட்டுல நான் அப்பான்னுதானே கூப்பிடப் போறேன்."

மோகனா எழுந்து வெளியே போய்விட்டாள். பெற்றவனை இல்லை என்றால்தான் பிள்ளைக்கு வாழ்வு என்கிற சட்டத்தைக் கொண்டுபோய்க் கொளுத்த வேண்டும்.

ஷர்மினி பேனாவை மூடிவைத்தாள். மரபணுச் சோதனை எடுத்து, வக்கீல் வைத்து வழக்குப் போடலாம் என்றாள். வருஷக்கணக்கில் இழுக்கும், ஜெயிப்போம் என்று சத்தியம் பண்ண முடியாது என்றும் சொன்னாள். போடு என்றேன்.

என் கோபத்தையெல்லாம் வழக்கு மனுவில் எழுதச் சொன்னேன். வழக்குக்கு ஆகாதாம். முதல் வரியையாவது நான் சொல்கிறபடி எழுது என்றேன்.

"இவள நான் கண்டெடுக்கல. பெத்தேன்."